ஒரு வீடு, இரண்டு பத்திரங்கள்: ‘அட்வான்ஸ்’, ‘லீஸ்’ என்ற இரு சொற்களால் வந்த வழக்கு

2024 ஜூலையில் குரோம்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வழக்கறிஞரான என் அலுவலகத்திற்கு வந்து, மஞ்சள் பையிலிருந்து இரண்டு பத்திரங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் 20 ரூபாய் முத்திரைத்தாளில், ஒரே தட்டச்சுக் கடையில் அடிக்கப்பட்டவை. இரண்டின் தலைப்பும் ‘வாடகை ஒப்பந்தப் பத்திரம்’. இரண்டிலும் காலம் 11 மாதம். ஒன்று அவருடைய வீட்டின் தரைத்தளத்திற்கு, மற்றது முதல் தளத்திற்கு. கீழ்வீட்டுக்காரர் காலி செய்து போய்விட்டார், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். மேல்வீட்டுக்காரர் காலி செய்ய மறுக்கிறார், அவரும் கொடுத்த பணத்தைத்தான் கேட்கிறார். ‘இரண்டு பேருமே வாடகைக்கு வந்தவர்கள்தானே, ஒரே நோட்டீஸாக அனுப்பிவிட முடியாதா?’ என்று அந்த அம்மையார் கேட்டார். முடியாது என்பதற்கான விளக்கமே இந்த நிகழ்வு ஆய்வு. சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி தொகைகளையும் மாதங்களையும் சற்று மாற்றியிருக்கிறேன்.

முதலில் கீழ்வீடு. 2022 மார்ச்சில் மாதம் 12,000 ரூபாய் வாடகைக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. சென்னை வழக்கப்படி பத்து மாத வாடகையான 1,20,000 ரூபாய் ‘அட்வான்ஸ்’ கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் தவறாமல் வாடகை வந்தது. 2024 மார்ச்சில் குடும்பத்தலைவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும், மே மாத இறுதியில் காலி செய்வதாக வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாத வாடகையையும் கொடுக்காமல் ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் அம்மா’ என்று சொன்னார். அவர் மனத்தில் இதில் எந்தத் தவறும் இல்லை. அட்வான்ஸ் என்றால் முன்பணம், முன்பணம் என்றால் முன்கூட்டியே கொடுத்துவைத்த வாடகை, அப்படியானால் கடைசி மாதங்களுக்கு அதிலிருந்து கழிப்பது தன் உரிமை என்றே அவர் நம்பினார்.

சட்டத்தின் பார்வை வேறு. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் நீக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தில் இந்தப் பணத்திற்கு ‘முன்பணம்’ என்ற பெயரே இருந்தது. அதுவும் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. அந்த வரம்பை மீறி வாங்கிய தொகை உரிமையாளர் கையில் இருக்கும்போது, அதை வாடகைப் பாக்கிக்கு ஈடுசெய்யாமல் வாடகைதாரரை வேண்டுமென்றே பாக்கி வைத்தவர் என்று சொல்ல முடியாது என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் கே. நரசிம்ம ராவ் வழக்கில் எடுத்தது. அந்தத் தீர்ப்பின் நிழல் இன்றும் மக்கள் பேச்சில் இருக்கிறது. ‘அட்வான்ஸ் இருக்கும்போது பாக்கி எப்படி வரும்?’ என்று கேட்பவர்கள் தங்களை அறியாமலே அந்தக் காலத்துச் சட்டத்தைப் பேசுகிறார்கள்.

புதிய சட்டம் அதைப் பிணையாக வைக்கப்படும் பணமாக, அதாவது பாதுகாப்பு வைப்புத்தொகையாகப் பார்க்கிறது. வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் இதை வாங்கக்கூடாது. வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்திற்குள், அவர் தரவேண்டியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட வேண்டும். வைப்புத்தொகை வாடகை ஆகாது. கழிப்பதற்கான நேரம் காலி செய்த பிறகுதான் வருகிறது. அதுவரை மாத வாடகை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கொடுக்காவிட்டால் அது பாக்கியே. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்த ஒரு மாதத்திற்குள்ளும் செலுத்தாவிட்டால் வெளியேற்றக் கோருவதற்கு அதுவே போதிய காரணம். பழைய சட்டத்தில் இருந்த ‘வேண்டுமென்றே’ என்ற அடைமொழி, 1985இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருந்த அந்தச் சொல், புதிய சட்டத்தில் இந்த இடத்தில் இல்லை. ஆகவே பத்து மாதப் பணத்தை உரிமையாளரிடம் வைத்திருந்த அந்தக் குடும்பம், சட்டத்தின் கண்ணில் மூன்று மாதப் பாக்கிக்காரராக நின்றது. நல்லவேளையாக அந்த அம்மையார் அப்போது யாரிடமும் போகவில்லை.

அவர் செய்த தவறு வேறொரு சொல்லில் இருந்தது. மூன்று மாத வாடகை 36,000, மின்கட்டணப் பாக்கி 2,340, உடைந்த கை கழுவும் தொட்டிக்கு 4,500, குழாய்களுக்கும் சுவிட்சுகளுக்கும் 1,160, வீடு முழுவதும் வண்ணம் அடித்த செலவு 31,500 என்று கூட்டி, 75,500 ரூபாயைக் கழித்துக்கொண்டு 44,500 தருவதாகச் சொன்னார். வாடகைதாரர் வாடகையை மட்டும் கழித்து 84,000 கேட்டார். வண்ணச் செலவைக் கழிக்க அம்மையார் சொன்ன காரணம் ‘டேமேஜ்’, அதாவது சேதம், என்பதுதான்.

நான் நேரில் போய்ப் பார்த்தேன். வண்ணம் அடிப்பதற்கு முன் அவருடைய மகன் கைப்பேசியில் எடுத்த படங்களும் இருந்தன. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரம் வரை, ஒரு குழந்தையின் கை எட்டும் தூரத்திற்குச் சிவப்பும் பச்சையுமாக மெழுகு வண்ணக் கோடுகள். குளிர்சாதனப் பெட்டி நின்ற இடத்தில் மட்டும் சுவர் பழைய வெளிர்நீலத்தில் இருந்தது, சுற்றிலும் மங்கிப்போயிருந்தது. அடுப்படியில் தாளிப்பின் எண்ணெய்ப் படலம். நாட்காட்டி மாட்டிய நான்கு ஆணித் துளைகள். இவற்றில் எது சேதம், எது தேய்மானம்? இயல்பான தேய்மானத்தைத் தவிர்த்து, வந்தபோது இருந்த நிலையில் வீட்டை வைத்திருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. வெயிலில் மங்கிய சுவரும், சமைத்த வீட்டில் படியும் எண்ணெயும், ஆணித் துளையும், குடும்பம் வாழ்ந்த வீட்டின் தேய்மானம் என்பது என் கருத்து. மெழுகுக் கோடுகளைப் பற்றி வாதாடலாம். ஆனால் அந்த வாதமே தேவைப்படவில்லை, ஏனெனில் இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலைகளைப் பெயர் சொல்லியே பிரித்துவைத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, தேவையானபோது தண்ணீர்க் குழாய்த் தடங்களையும் மின்கம்பித் தடங்களையும் மாற்றுவது ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. திருகுக் குழாய், கை கழுவும் தொட்டி, கழிப்பறைக் கோப்பை, சுவிட்சு, கதவுப் பூட்டு, சன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவற்றின் பழுது வாடகைதாரர் பொறுப்பு. இருவரும் எழுத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாதவரை இந்தப் பிரிவினையைத்தான் பார்க்க வேண்டும்.

இவர்கள் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது: ‘காலி செய்யும்போது வண்ணப்பூச்சுக்காக ஒரு மாத வாடகை பிடித்தம் செய்யப்படும்.’ சென்னையில் பெரும்பாலான பத்திரங்களில் இந்த வரி தானாகவே வந்துவிடுகிறது; கையெழுத்திடுபவர்களில் பலர் அதைப் படிப்பதில்லை. இங்கே அது இரு பக்கமும் வெட்டியது. அந்த வரியின்படி 12,000 ரூபாய் கழிக்கலாம்; அதற்கு மேல் கழிக்க அம்மையாருக்கு எந்த ஆதாரமும் இல்லை. வாடகை, மின்கட்டணம், தொட்டி, குழாய் என 44,000, வண்ணத்திற்கு 12,000, ஆக 56,000 போக 64,000 ரூபாய் திருப்பித் தரவேண்டும். இந்தக் கணக்கைத் தொலைபேசியில் படித்துக் காட்டியதும் கோயம்புத்தூரிலிருந்து அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘தொட்டி எங்கள் பையன் ஏறி நின்றுதான் உடைந்தது சார், சரிதான்’ என்றார்.

தொகை முடிவானாலும் பணம் இல்லை. ‘புதிதாக வருபவர் அட்வான்ஸ் கொடுத்ததும் உங்களுடையதைத் தந்துவிடுகிறேன்’ என்று அம்மையார் ஜூன் மாதமே சொல்லியிருந்தார். இந்த வாக்கியத்தைக் கேட்காத வாடகைதாரர் சென்னையில் இருக்க மாட்டார். உள்ளே வருபவரின் பணத்தில் வெளியே போகிறவரின் கணக்கைத் தீர்ப்பது இங்கே இயல்பான நடைமுறையாகிவிட்டது. பிணையாக வாங்கிய தொகை செலவாகிவிட்டது என்பதே இதன் பொருள். சட்டம் கொடுத்த ஒரு மாதமோ, அடுத்தவர் எப்போது வருவார் என்பதைப் பொறுத்து நீள்வதில்லை. இந்த அம்மையாரிடம் அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்டபோதுதான் மேல்வீட்டுக் கதை முழுவதும் வெளியே வந்தது.

2021 ஜூனில் மகளின் திருமணத்திற்காக அவர் மேல்வீட்டை ஒரு இளைஞரின் குடும்பத்திற்கு ‘லீஸுக்கு’ விட்டார். 7,00,000 ரூபாய் மொத்தமாக, மூன்று ஆண்டுகள், முடிந்ததும் பணத்தை முழுதாகத் திருப்பித் தருவது. ஐந்து லட்சம் வங்கி வழியாகவும் இரண்டு லட்சம் ரொக்கமாகவும் கைமாறியது. மூன்று ஆண்டுகள் என்பது வாய்ப்பேச்சு. பத்திரத்தில் 11 மாதமே. அதில் ஐந்தாவது பத்தியாக இருந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்: ‘மேற்படி தொகைக்கு வட்டி இல்லை, மேற்படி வீட்டிற்கு வாடகை இல்லை.’

இந்த ஒரு வரியோடு வாடகை ஒப்பந்தம் என்ற தலைப்பு பொருந்தவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 105ஆம் பிரிவு குத்தகையை விளக்கும்போது, அனுபவிக்கும் உரிமைக்காகக் கொடுக்கப்படும் விலையையோ, காலந்தோறும் செலுத்தும் வாடகையையோ சொல்கிறது. விலையாகக் கொடுத்தது திரும்பி வராது. வாடகையாகக் கொடுத்ததும் திரும்பி வராது. இங்கே ஏழு லட்சமும் திரும்பி வரவேண்டியது. திரும்பி வரவேண்டிய பணத்திற்குச் சட்டத்தில் கடன் என்று பெயர். கடனுக்காக வீட்டைக் கையில் கொடுத்து, வட்டிக்குப் பதிலாக அதன் பயனை அனுபவிக்கச் சொன்னால், அது அதே சட்டத்தின் 58ஆம் பிரிவு சொல்லும் அனுபவ அடமானம். ஆவணத்தின் பெயரைவிட அதன் உள்ளடக்கமே முக்கியம் என்பது உச்ச நீதிமன்றம் 1959இல் அசோசியேட்டட் ஓட்டல்ஸ் வழக்கில், குத்தகைக்கும் வெறும் அனுமதிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும்போது நிலைநாட்டிய கொள்கை. அதே அளவுகோலை இங்கே வைத்தால் மேல்வீட்டு இளைஞர் கடன் கொடுத்தவர், வீட்டு அம்மையார் கடன் வாங்கியவர்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் போகவில்லை. மதுரைத் தெருக்களில் இன்றும் ‘வீடு ஒத்திக்கு’ என்று பலகை தொங்குகிறது. வேறு ஊர்களில் போக்கியம் என்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘சுவாதீன அடமானம்’ என்று எழுதுவார்கள். ஒத்தி என்றதுமே எங்கள் தாத்தா தலைமுறைக்கு ‘ஒத்தியை மீட்க வேண்டும்’ என்ற அடுத்த வாக்கியம் தானாக வந்துவிடும்; கடன் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. சென்னையில் அந்த இடத்தில் ‘லீஸ்’ வந்து உட்கார்ந்தது. ஆங்கிலச் சட்டச் சொல்லின் உண்மைப் பொருள் குத்தகை; நம் தெருவில் அதன் பொருள் ஒத்தி. நீதிமன்றத்தில் ஒன்றும் வீட்டு வாசலில் இன்னொன்றுமாக ஒரே சொல் இரண்டு பொருளில் புழங்குவதால், பணம் கொடுத்தவருக்குத் தான் கடன் கொடுத்திருக்கிறோம் என்பதும், வாங்கியவருக்குத் தான் கடனாளி என்பதும் மறைந்துபோயின. இதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

அம்மையார் அதுவரை அதை ‘வட்டியில்லாப் பணம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதே தெருவில் அதே அளவு வீட்டின் வாடகை மாதம் 11,000. ஆண்டுக்கு 1,32,000 ரூபாய் வாடகையை அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். ஏழு லட்சத்திற்கு அது ஏறத்தாழ 19 சதவீத வட்டி. காகிதத்தில் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டியபோது, கணக்கு ஆசிரியையாக இருந்த அவர் அதைத் தன் பேனாவால் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்.

இதற்கு முன் வேறொருவர் எழுதிக்கொடுத்த அறிவிப்பு ஒன்று மேல்வீட்டுக்குப் போயிருந்தது. ‘இரண்டு மாதங்களுக்கு மேல் வாடகைப் பாக்கி வைத்துள்ளதால் உடனே காலி செய்ய வேண்டும்’ என்று அது சொன்னது. வாடகையே இல்லாத இடத்தில் வாடகைப் பாக்கி இருக்க முடியாது. கடனைத் திருப்பிக் கொடுக்கும்வரை வீட்டைக் கையில் வைத்திருப்பதுதான் அனுபவ அடமானத்தின் இயல்பு என்பதால், அந்த அறிவிப்பு அம்மையாருக்கே எதிராகத் திரும்பியிருக்கும்.

ஆனால் இளைஞரின் நிலையும் உறுதியானதல்ல. அவரை அழைத்துப் பேசியபோது இதைத்தான் முதலில் சொன்னேன். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனுக்கான அனுபவ அடமானம், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்துடன் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் மட்டுமே செல்லும். அவரிடம் இருப்பது பதிவில்லாத 20 ரூபாய்த் தாள். அதற்கான முத்திரைத் தீர்வையும் செலுத்தப்படவில்லை. குறைவுத் தீர்வையையும் தண்டத்தையும் கட்டாமல் அதை நீதிமன்றத்தில் சான்றாக முன்வைக்க முடியாது. சொத்தின்மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அவர் பெயர் எங்கும் இல்லை. இடையில் அம்மையார் இந்த வீட்டை வங்கியில் முறைப்படி அடமானம் வைத்திருந்தால், ஏழு லட்சம் கொடுத்தவர் வங்கியோடு வழக்காட வேண்டிய நிலை வந்திருக்கும். அவர் அதிர்ந்துபோய், ‘11 மாதம் போட்டால் பதிவு தேவையில்லை என்று கடையில் சொன்னார்களே’ என்றார்.

பதினொரு மாதம் என்ற பழக்கத்திற்குக் காரணம் உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது. ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டால் சார்பதிவாளர் அலுவலகத்திற்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த விலக்கு குத்தகைக்கு மட்டும் உரியது, அடமானத்திற்கு அல்ல. வாடகை வீடுகளுக்கும் இப்போது அது முழுப் பாதுகாப்பு இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம், காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது; அப்படிப் பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதற்குத் தடையும் வைத்திருக்கிறது. சார்பதிவாளரிடம் செய்வது ஒரு பதிவு, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் செய்வது வேறொரு பதிவு. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதால், ‘பதிவு தேவையில்லை’ என்று தட்டச்சுக் கடையில் சொல்வதைக் கேட்பவர்கள் இரண்டையுமே விட்டுவிடுகிறார்கள்.

பத்திரத்தின் 11 மாதம் இன்னொரு ஆபத்தையும் வைத்திருந்தது. எழுத்தின்படி பார்த்தால் ஏழு லட்சம் திரும்பி வரவேண்டிய நாள் 2022 மே மாதம். கடனை வசூலிக்க வழக்கு போடும் காலவரம்பு மூன்று ஆண்டுகள். அடமானம் செல்லாமல் வெறும் கடனாக நின்றால், 2025 மே மாதத்தோடு அந்த உரிமையே போய்விடும் என்று யாராவது வாதாட இடமிருந்தது. ஆகவே சமரசத்தின் முதல் வேலையாக, 7,00,000 ரூபாய் தரவேண்டியிருப்பதை ஒப்புக்கொண்டு அம்மையார் தேதியிட்டுக் கையெழுத்திட்ட கடன் ஒப்புகைக் கடிதத்தை வாங்கினோம். காலவரம்பு முடிவதற்கு முன் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாக எண்ணப்படும். இரண்டு லட்சம் ரொக்கம் கைமாறியதற்கு வேறு ஆதாரம் இல்லாததால் இந்தக் கடிதம் அதற்கும் பயன்பட்டது. நான் அம்மையாரின் வழக்கறிஞர் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, இளைஞர் தன் தரப்பில் வேறொருவரிடம் காட்டிவிட்டு வர ஒரு வாரம் கொடுத்தோம்.

உடன்பாடு எளிமையானது. ஆகஸ்டில் 1,50,000, அக்டோபரில் 2,00,000, டிசம்பர் இறுதியில் மீதி 3,50,000. கடைசித் தவணையும் வீட்டுச் சாவியும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். அதுவரை வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. முதல் தவணைக்கு அம்மையார் நகைக்கடன் வாங்கினார். இளைஞர் அவரை ‘அம்மா’ என்றும் அவர் இவரைத் ‘தம்பி’ என்றும்தான் இறுதிவரை அழைத்துக்கொண்டார்கள். அந்த முறை கெடாமல் இருந்ததாலேயே இது நீதிமன்றப் படியேறாமல் முடிந்தது என்று நினைக்கிறேன்.

கீழ்வீட்டிற்கு ஆகஸ்டில் புதிய குடும்பம் வந்தது. வாடகை 13,000, மூன்று மாதத் தொகையாக 39,000 மட்டும் வாங்கச் சொன்னேன். அதோடு தன் ஓய்வூதியத்திலிருந்து 25,000 சேர்த்து, கோயம்புத்தூர்க் குடும்பத்திற்கு 64,000 ரூபாயை அம்மையார் அனுப்பிவைத்தார். உள்ளே வருபவரின் பணம் இந்த முறையும் வெளியே போனவருக்கே போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் 1,30,000 வாங்கியிருந்தால் மேல்வீட்டுத் தவணைக்கும் அதைத் தொட்டிருப்பார். புதிய ஒப்பந்தத்தில் ‘அட்வான்ஸ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘பாதுகாப்பு வைப்புத்தொகை; இது வாடகைக்கு ஈடு செய்யப்படமாட்டாது; காலி செய்த ஒரு மாதத்திற்குள் திருப்பித் தரப்படும்’ என்று எழுதினோம். குடிவந்த அன்றே சுவர், தொட்டி, குழாய், பூட்டு ஆகியவற்றைப் படமெடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்ட இணைப்பாகச் சேர்த்து, வாடகை அதிகாரியிடம் பதிவெண் பெற்றோம்.

தட்டச்சுக் கடையில் உட்கார்ந்திருந்த பெண் கணினியில் பழைய பத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘எல்லாரும் அட்வான்ஸ் என்றுதானே போடுகிறார்கள், எதற்கு அம்மா மாற்றுகிறீர்கள்?’ என்று கேட்டார். அம்மையார் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வகுப்பில் சொல்வதுபோல் நிதானமாக, கீழ்வீட்டுக் கணக்கை முதல் வரியிலிருந்து அவருக்குச் சொன்னார்.

டிசம்பர் 30ஆம் தேதி மாலை மேல்வீட்டு வாசலில் கடைசிப் பணம் வங்கி வழியாகச் சேர்ந்ததை இளைஞர் கைப்பேசியில் பார்த்துவிட்டு, கொடுத்த மூன்று சாவிகளில் இரண்டை நீட்டினார். மூன்றாவது தொலைந்துவிட்டது. பூட்டு மாற்றும் செலவு 450 ரூபாய் என்று அம்மையார் சொன்னார். பூட்டு வாடகைதாரர் பொறுப்பு என்பது வாடகைச் சட்டத்தின் அட்டவணை, இது அடமானம் என்று நான் வாய் திறப்பதற்குள் இளைஞர் சட்டைப் பையிலிருந்து 500 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டார்.